நிராகரித்த லாரி திரும்பி வந்தது

1. நன்றியோடு வாங்கிய சீட்டு

அன்று காலை எட்டு மணிக்கு தானியம் சேமிக்கும் தகரக் கோபுரங்களில் மூன்றாவதை, மூன்றாம் சைலோவை, இரும்புக் கம்பியால் தட்டினேன். மேலிருந்து கீழ்வரை ஒரே தகரச் சத்தம். காலி. இரண்டாவதும் காலி. முதல் சைலோவில் கிடந்த மக்காச்சோளம் ஐந்து நாள் ஆலையை ஓட்டும். அதற்குப் பிறகு எதை அரைப்பது என்று யாருக்கும் தெரியாது.

ஓசூருக்கு அருகே அத்திபெலேயில் ஒரு கோழித்தீவன ஆலை அது. முட்டைக் கோழிகளுக்கான தீவனம் செய்வோம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு இருபத்தாறு வருடம் நான் பொறுப்பாளராக இருந்தேன். ஓய்வு பெற்று ஓராண்டு தாண்டிவிட்டது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரத்தில் நடைமுறைக் கையேட்டைப் படிக்கிறார்கள். எங்கள் ஆலைக் கையேட்டின் பெரும்பகுதியை எழுதியவள் நான். அதில் நான் தப்பாக எழுதிய ஒரு பக்கத்தைப் பற்றியது இந்தக் குறிப்பு.

ஐப்பசி மழைக்காலம். மக்காச்சோள அறுவடை நடந்துகொண்டிருந்தது. மற்ற வருடங்களில் அந்த நேரத்தில் லாரிகள் எங்கள் கேட்டிலிருந்து சர்வீஸ் ரோடு வரை வரிசையாக நிற்கும். அன்று நின்றது ஒன்றே ஒன்று. ஓட்டுநர் முனிராஜு, தாவணகெரே பக்கம். பல வருடமாக எங்களுக்குச் சோளம் கொண்டுவருகிறவர்.

முறைப்படி குத்தூசியால் பல மூட்டைகளில் குத்தி மாதிரி எடுத்தோம். ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் பதினாறு புள்ளி நான்கு சதம் காட்டியது. எங்கள் வரம்பு பதினான்கு. அதற்கு மேல் ஈரம் இருந்தால் சோளம் சைலோவில் சூடாகும், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்ஸின் என்ற விஷம் உண்டாகும். அதனால் நிராகரிப்பு, மூன்று பிரதிகளில் சீட்டு.

கையேட்டில் நான் இன்னொரு விதியும் சேர்த்திருந்தேன். நிராகரித்த லாரி இருபத்துநான்கு மணி நேரம் காத்திருந்தால் மறுபடி மாதிரி எடுக்கப்படும். கேட்க நியாயமாக இருக்கும். நடந்தது வேறு. ஓட்டுநர் லாரிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு பொங்குவார். கொள்முதல் பிரிவு ஆட்கள் மாலையில் போய் அவரிடமும், போனில் வியாபாரியிடமும் பேசுவார்கள். மறுநாள் காலை ஈரம் அப்படியேதான் இருக்கும். விலை இறங்கியிருக்கும். சோளத்தைக் களத்தில் கொட்டி வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்வோம். இதைச் சாமர்த்தியம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த சீசனில் பலர் காத்திருக்காமலே போயிருந்தார்கள். அன்று முனிராஜுவும் ஸ்டவ்வை இறக்கவில்லை.

"சரி மேடம். சீட்டு கொடுங்க, கிளம்பறேன்."

"நாளைக்கு மறுபடி எடுப்போமே?"

"பேடா, வேண்டாம் மேடம். ஸ்பிரிட் ஃபேக்டரிக்குப் போறேன். அவங்களுக்குப் பதினாறு, பதினேழு எல்லாம் ஒரு விஷயமே இல்ல. வண்டி உள்ள போனா ரெண்டு மணி நேரத்துல காலி. பேமென்ட்டும் பாஸ்ட்."

ஸ்பிரிட் ஃபேக்டரி என்று அவர் சொன்னது, பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை மக்காச்சோளத்திலிருந்து எடுக்கும் ஆலை. அப்படிச் சில ஆலைகள் புதிதாக முளைத்திருந்தன. எல்லாருக்கும் சோளம் வேண்டியிருந்தது.

சீட்டை எழுதி நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தார்.

"மேடம், அந்த நம்பரைக் கொஞ்சம் தெளிவா எழுதுங்க. உங்க மில் சீட்டு இருந்தா அங்க கேட்ல மறுபடி டெஸ்ட் பண்ணமாட்டாங்க. உங்க ரீடிங்னா கண்ண மூடிட்டு நம்பறாங்க."

தெளிவாக எழுதிக் கொடுத்தேன். என் நிராகரிப்புச் சீட்டை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போன முதல் ஆள் அவர். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்.

"கோச்சிக்காதீங்க. எங்க அண்ணன் நாலு ஏக்கர் சோளம் போடறார். இந்த வருஷம்தான் கடன் வாங்காம பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டியிருக்கார். உங்க மில்லுக்கு ஓட்டினப்போ அது ஆகல்லயே."

சோளம் விளைவிக்கிறவருக்கு நல்ல விலை கிடைத்ததைத் தப்பு என்று நான் எழுதப்போவதில்லை.

2. முட்டை எதில் ஓடுகிறது

முட்டைக் கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். மீதி சோயாப் புண்ணாக்கு, தவிடு, சுண்ணாம்புக்கல், உப்பு, மருந்து. ஒரு முட்டைக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி தீவனம். ஆக, சோளம் ஏறினால் தீவனம் ஏறும், தீவனம் ஏறினால் முட்டை ஏறும். இதைப் புரிந்துகொள்ளப் பொருளாதாரம் படிக்க வேண்டாம். ஈஜிபுராவில் என் வீட்டுத் தெருமுனையில் கடை வைத்திருப்பவர் அப்துல் பாய். அவர் இதைப் படிக்காமலே எனக்கு எதிராகத் திருப்பினார்.

"என்னா மேடம், உங்க கோழிங்களுக்கு இன்க்ரிமென்ட் கொடுத்துட்டீங்களா? ட்ரே விலைய சொன்னா கஸ்டமர் என்னைத் திட்டறான். முட்டை என்ன பெட்ரோல்லயா ஓடுதுன்னு கேக்கறான்."

"ஓடலை, பாய். பெட்ரோல்தான் இப்ப கோழி சாப்பாட்டுல ஓடுது."

"இத நான் கஸ்டமர்கிட்ட சொன்னா எனக்கு மெண்டல்னு சொல்வான்."

அப்துல் பாயின் வாடிக்கையாளர் திட்டிவிட்டுப் போய்விடுவார். எங்கள் வாடிக்கையாளர் யசோதாவால் அது முடியாது. ஓசூர் தாண்டி எட்டாயிரம் முட்டைக் கோழி வைத்திருக்கிறார். ஒரு நாளைக்குப் பதினெட்டு மூட்டை தீவனம். பெரிய பண்ணைக்காரர்கள் சொந்தமாகச் சோளம் வாங்கி அரைத்துக்கொள்வார்கள். யசோதா போன்றவர்களுக்கு எங்கள் ஆலைதான்.

முனிராஜு சீட்டோடு போன மறுநாள் யசோதா ஆலைக்கே வந்துவிட்டார். ஒரு வருடத்தில் நாங்கள் மூன்றாவது முறை விலை ஏற்றியிருந்தோம். ஜி.எம். அறையில் நானும் இருந்தேன். ஜி.எம்., அதாவது பொது மேலாளர், நாகராஜ் கன்னடக்காரர், என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார்.

"சார், ஊருக்குள்ள முட்டை விலை ஏறிடுச்சுன்னு எல்லாரும் என்னைப் பாக்கறாங்க. ஏறினது எங்க கைக்கு வருதா? உங்க மூட்டைக்குத்தான் வருது. இன்னொரு தடவை ஏத்தினீங்கன்னா கறிக்கடைக்காரன் வண்டிய வரச்சொல்லி அத்தனை கோழியையும் ஏத்தி அனுப்பிட்டு, ஷெட்ட பூட்டிட்டு, கம்பெனி வேலைக்குப் போயிடுவேன்."

"அய்யோ, ஏன் யசோதாம்மா, சும்னே டென்ஷன்? திங்கக்கிழமைலருந்து உங்களுக்கு எகானமி தீவனம் தரேன். மூட்டைக்கு நல்லா குறையும். ஃபர்ஸ்ட் லோடு உங்களுக்குத்தான்."

யசோதா என்னைப் பார்த்தார். "மேடம், நிஜமா?"

எகானமி தீவனம் என்ற சொல்லை நான் அப்போதுதான் முதல்முறை கேட்டேன். "சோதனை முடியட்டும், சொல்றேன்" என்றேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமைக்கு நான்கு நாள் இருந்தது. சைலோவில் சோளமும் நான்கு நாளைக்குத்தான் இருந்தது.

3. பழைய லாரியில் புதிய சரக்கு

யசோதா போனதும் ஜி.எம். விளக்கினார். மக்காச்சோளத்தில் இருக்கும் மாவுச்சத்து எத்தனாலாகிவிடும். மிச்சமாகும் புரதம், கொழுப்பு, நார் எல்லாவற்றையும் உலர்த்தி மூட்டை கட்டி விற்கிறார்கள். தொழிலில் அதற்குப் பெயர் டிடிஜிஎஸ். சோயாப் புண்ணாக்கைவிட மிகவும் மலிவு. தீவனத்தில் பத்து சதம் சேர்த்தால் விலை இறங்கும்.

"சோளத்த அவங்க எடுத்துட்டாங்க. மிச்சத்தயாவது நாம எடுக்கலாமில்ல, மேடம்? லோடு நாளைக்கு வருது. உங்க ஃபார்ம் எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம், பிடி."

கன்னடத்தில் 'பிடி' என்றால் 'விடுங்கள்'. நான் விடவில்லை. புது மூலப்பொருள் என்றால் முதலில் சோதனை, பிறகுதான் இறக்குவது. அந்தப் பக்கத்தை நான் சரியாகவே எழுதியிருந்தேன். டிடிஜிஎஸ் நல்ல பொருள். நல்ல ஆலையில், நல்ல சோளத்தில் செய்தால் கோழிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சோளத்தில் பூஞ்சை விஷம் இருந்தால் அது எத்தனாலோடு போகாது. மாவுச்சத்து போய் எடை மூன்றில் ஒன்றாகச் சுருங்கும்போது விஷம் மிச்சத்திலேயே தங்கி, கிட்டத்தட்ட மூன்று மடங்கு செறிவாகும். சோதிக்காமல் விட முடியாத பொருள்.

மறுநாள் லோடு வந்தது. ஓட்டிவந்தவர் முனிராஜு.

"என்ன முனிராஜு, இந்தப் பக்கம்?"

"அதே வண்டி, அதே ரூட் மேடம். போறப்போ சோளம், வரப்போ இது. காலி வண்டியா வந்தா டீசல் யார் கொடுப்பாங்க?" மூக்கைப் பொத்திக்காட்டிச் சிரித்தார். "புளிச்ச வாசனை. ரெண்டு நாளா சாப்பாடே இறங்கல."

மூட்டைகளில் வெவ்வேறு உற்பத்தித் தேதிகள் இருந்தன. ஐந்து இடத்தில் குத்தூசி போட்டு ஐந்து மாதிரி எடுத்தேன். விஷத்தை அளக்கும் பட்டையில் கால் மணி நேரத்தில் எண் தெரிந்துவிடும். தீவனத்துக்கு எங்கள் வரம்பு நூறு கோடிப் பங்குக்கு இருபது. ஒரு மாதிரி நாற்பது காட்டியது, இன்னொன்று தொண்ணூறு. கடைசி மாதிரி இருநூறைத் தாண்டியது. புதுப் பட்டையில் மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே கதை.

வெளியே வந்து முனிராஜுவிடம் கேட்டேன். "அங்க சோளத்தை எங்க வச்சிருக்காங்க?"

"எங்க வைக்கறது? குடோன் ஃபுல். எல்லாம் வெளிய யார்டுலதான், தார்ப்பாய் போட்டு. வழக்கமா ரெண்டு வாரம் அப்படியே கிடக்கும். மழைல அடில தண்ணி. போன தடவை நான் போனப்போ குவியல்லருந்து ஆவி வந்துட்டிருந்துச்சு, கைய வச்சா சூடு."

"நீங்க இங்கிருந்து எடுத்துட்டுப் போன சோளம்?"

"அதேதான். அதே குவியல்தான் மேடம். நம்ம மில்லுல ரிஜெக்ட் ஆன வண்டி எல்லாம் இந்த சீசன்ல அங்கதானே போச்சு."

இந்த மூட்டைகள் முந்தைய வாரங்களில் போன லாரிகளின் சோளம். ஆய்வகத்தில் சீட்டுக் கட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த சீசனில் நான் நிராகரித்தவை பத்தொன்பது லாரி. பத்தொன்பதிலும் காரணம் ஈரம் மட்டும். விஷச் சோதனைக் கட்டத்தில் எல்லாமே பாஸ். அதாவது நல்ல சோளம்; கொஞ்சம் உலர்த்தியிருந்தால் போதும். நான் தெளிவாக நம்பர் எழுதி, மழையில் ஊறவிட அனுப்பிவைத்திருக்கிறேன். என் சீட்டை நம்பி அவர்களும் சோதிக்காமல் குவித்திருக்கிறார்கள். ஊறி, சூடேறி, விஷமாகி, மூன்று மடங்காகி அது என் கேட்டுக்கே வந்து நிற்கிறது. திங்கட்கிழமை யசோதாவின் ஷெட்டுக்குப் போக வேண்டும்.

4. கையெழுத்துப் போடும் கட்டம்

லோடை நிராகரித்தேன். ஜி.எம். கால்குலேட்டரோடு ஆய்வகத்துக்கு வந்தார்.

"மேடம், கணக்குப் பாருங்க. ஆவரேஜ் நூறுன்னு வைங்க. பத்து சதம் கலந்தா பத்து. லிமிட் இருபது. பாஸ்தானே?"

"ஆவரேஜை எந்தக் கோழியும் சாப்பிடாது, சார். அது முன்னாடி விழற மூட்டையைத்தான் சாப்பிடும். இருநூறு காட்டின மூட்டை எல்லாம் ஒரே பேட்சுல விழுந்தா?"

"சும்னே பயமுறுத்தாதீங்க. மூணு நாள்ல மில் நிக்கப்போகுது. அத யார் பாப்பாங்க?"

"உங்களுக்கு இதை எடுக்க அதிகாரம் இருக்கு, சார். டீவியேஷன் நோட்டுன்னு ஒரு ஃபார்ம். தரக்கட்டுப்பாடு நிராகரிச்ச சரக்கை ஜி.எம். தன் பொறுப்புல எடுக்கலாம்." படிவத்தை எடுத்து மேசையில் வைத்தேன். ஐந்து எண்களையும் நிரப்பியிருந்தேன்.

நிதானமாகப் படித்தார். "நீங்களும் கீழ ஒரு சைன் போடுங்க."

"அங்க எனக்குக் கட்டம் இல்ல, சார். ஃபார்ம் நான்தான் போட்டது."

பேனாவைத் திறந்தார், மூடினார், பாக்கெட்டில் வைத்தார். லோடு ஆலைக்குள் போகாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மனிதர் கெட்டவர் இல்லை. அந்த ஐந்து எண்ணுக்கும் கீழே தன் பெயர் இருப்பதை அவர் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

"சரி. அப்ப சோளத்துக்கு வழி சொல்லுங்க" என்றார்.

நான் யோசித்துவைத்திருந்ததைச் சொன்னேன். ஆலையின் பின்பக்கம் ஒரு தானிய உலர்த்தி இருந்தது. பழைய நிர்வாகம் வாங்கியது. புறாக்கள் குடியிருந்தன. அதைச் சுத்தம் செய்து ஓட்டுவோம். பதினேழு வரை ஈரம் இருந்தாலும் வாங்கி, அன்றே உலர்த்துவோம். இருபத்துநான்கு மணி நேர விதியை எடுத்துவிடுவோம். லாரி வந்த ஒரு மணி நேரத்தில் முடிவு, இரண்டு மணி நேரத்தில் காலி. ஈரத்துக்கான எடைக்கழிவு மட்டும், பேரம் கிடையாது.

ஜி.எம். தன் அறைக்குப் போய் ஒரு பழைய கோப்போடு திரும்பினார். முகத்தில் அன்று முதல்முறையாகச் சந்தோஷம்.

"படிக்கறேன், கேளுங்க மேடம். 'உலர்த்தியை இயக்குவதற்கான எரிபொருள் செலவு தேவையற்றது. நிராகரிப்புக்குச் செலவில்லை. எனவே உலர்த்தியை நிறுத்திவைக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' சைன் யாரோடது, சொல்லுங்க?"

என்னுடையது. ஒன்பது வருடம் பழையது. கையெழுத்து அழகாகவே இருந்தது.

"தப்பா எழுதியிருக்கேன், சார். திருத்தி இன்னொரு நோட் போடறேன். இன்னைக்கே."

அன்றே போட்டேன். லோடை ஐந்து எண்களோடு எத்தனால் ஆலைக்கே திருப்பி அனுப்பினேன். மூன்று நாள் புறாக்களோடும் துருவோடும் சண்டை. ஞாயிறு விடுமுறையை ரத்து செய்துவிட்டு ஃபிட்டரோடு நானும் நின்றேன். தேங்காய் ஓடு எரித்து உலர்த்தியைச் சூடாக்கினோம். எரிபொருளாகப் போகும் சோளத்தைக் கோழிக்காகப் பிடித்துவைக்க நாங்களும் எரிபொருள் எரிக்க வேண்டியிருந்தது. இந்த நோட்டை எழுதும்போதும் செலவை மறைக்கவில்லை. தீவனம் மூட்டைக்கு இன்னும் ஏறும் என்று எழுதினேன். அதை வாடிக்கையாளர்களிடம் நானே சொல்வதாகவும் எழுதினேன்.

5. யசோதாவுக்குப் போன்

திங்கட்கிழமை காலை அழைத்தேன். எகானமி தீவனம் வராது என்றேன். பழைய தீவனம்தான் வரும், விலையும் இன்னும் கொஞ்சம் ஏறும் என்றேன். சுற்றிவளைக்கவில்லை.

"நல்லா இருக்கு மேடம். உங்களுக்கென்ன, மாசம் பொறந்தா சம்பளம். குறைக்கறேன்னு வாயால சொல்லிட்டு இப்ப ஏத்தறேன்னு சொல்றீங்களே, இது நியாயமா?"

"நியாயம் இல்லதான். ஆனா அந்த மலிவு தீவனத்துல விஷம் இருந்துச்சு."

பின்னால் கோழிகள் கத்துவது கேட்டது.

"நீங்க சொல்லாம கொண்டாந்து இறக்கியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"உடனே தெரியாது. கொஞ்ச வாரம் கழிச்சு முட்டை குறையும். ஓடு மெலிசாகும். நீங்க தண்ணிய மாத்துவீங்க, மருந்து வாங்குவீங்க. தீவனம்னு தோணாது."

"அப்ப கோழியும் போயி, தீவனக் காசும் போயி, மருந்துக் காசும் போயிருக்கும்." பெருமூச்சு விட்டார். "வயசான கோழி மூவாயிரம் இருக்கு. அதுங்கள இந்த வாரமே கறிக்கு அனுப்பிடறேன். ஐயாயிரத்தைக் காப்பாத்திக்கறேன். அனுப்புங்க மேடம். ஆனா இனிமே யாராவது குறைக்கறேன்னு சொன்னா, மொதல்ல நீங்க எனக்கு போன் பண்ணணும்."

பண்ணினேன், வேலையில் இருந்தவரை.

அன்று மாலையே முனிராஜு மறுபடி சோளத்தோடு வந்தார். ஈரம் பதினாறு புள்ளி ஒன்று. லாரி நேராக உலர்த்திக்குப் போனது. இரண்டு மணி நேரம் ஆகவில்லை, காலி.

"சீட்டு, மேடம்?" என்றார், பழக்கத்தில்.

"இன்னைக்கு சீட்டு இல்ல. கிளம்புங்க."

"உலக அதிசயம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அடுத்த வாரம் அவரைச் சேர்த்து நான்கு லாரி வந்தன. முன்பு போல சர்வீஸ் ரோடு வரை வரிசை ஒருபோதும் வரவில்லை. எத்தனால் ஆலை எங்களைவிட அதிக விலை கொடுக்கும் நாளில் லாரிகள் அங்கேதான் போயின, இன்றும் போகின்றன. சோளத்தின் விலையை எங்கள் கேட்டில் தீர்மானிக்கும் காலம் முடிந்துவிட்டது. அப்துல் பாயின் வாடிக்கையாளர் இன்னும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். யசோதா ஐயாயிரத்துக்கு மேல் கோழி சேர்க்கவில்லை.

ஓய்வு பெறுவதற்கு முன் கையேட்டில் நான் செய்த கடைசித் திருத்தம் நிராகரிப்புச் சீட்டில்தான். லாரி எண், எடை, ஈரம், விஷம், காரணம் என்று ஐந்து கட்டங்கள் இருந்தன. ஆறாவதாக ஒன்று சேர்த்தேன்: "இங்கிருந்து எங்கே போகிறது?" ஓட்டுநரிடம் கேட்டு நிரப்ப வேண்டும். நிரப்பாத சீட்டு செல்லாது. போகும் இடத்துக்குச் சோதனை எண்களைப் போனில் சொல்ல வேண்டும். கூடுதல் வேலை என்று ஆய்வகத்தில் முணுமுணுத்தார்கள்.

கூடுதல் வேலைதான். நிராகரித்ததோடு நம் வேலை முடிந்தது என்று நானும் இருபத்தாறு வருடம் நினைத்தேன். நாம் வேண்டாம் என்று சொன்ன சரக்கை யாரோ ஒருவர் எங்கோ இறக்கத்தான் போகிறார். ஆறாவது கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.